சிரசு ஊர்வலப் படங்கள் 1,840: ஒவ்வொன்றாகச் சுருக்கி மாளவில்லை

காட்பாடி வாத்தியார் | மே 18, இரவு 9.20

அனைவருக்கும் வணக்கம். முப்பத்து நான்கு ஆண்டுகள் கணக்குப் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவன். கணினியில் மட்டும் இன்னும் கடைசி பெஞ்சு மாணவன்தான்.

வைகாசி முதல் நாள் குடும்பத்தோடு குடியாத்தம் கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவுக்குப் போயிருந்தோம். தரணம்பேட்டை முத்தியாலம்மன் கோயிலில் அம்மனின் சிரசு புறப்பட்டதிலிருந்து கோபாலபுரத்தில் உடலோடு பொருத்தியது வரை மூன்று பேர் மாறி மாறிப் படம் எடுத்தோம். என் நிக்கானில் 912, தங்கை மகனின் நிக்கானில் 604, மருமகளின் ஐபோனில் 324. ஆக 1,840 படங்கள், 14 ஜி.பி.

சென்னை, பெங்களூரு, துபாய் என்று சொந்தங்கள் எல்லா இடத்திலிருந்தும் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். நேற்று மாலை ஆறு மணிக்கு உட்கார்ந்து, பெயிண்ட் நிரலில் ஒவ்வொரு படமாகத் திறந்து, அளவைக் குறைத்து, வேறு பெயரில் சேமித்தேன். மின்விசிறிக் காற்றே அனலாக வீசுகிற இந்த மாதத்தில் இரவு பத்தரை வரை உட்கார்ந்தும் 60 படங்கள்தான் முடிந்தன. இந்த வேகத்தில் போனால் 31 நாள் ஆகும். கத்திரி வெயிலும் முடிந்துவிடும், கேட்டவர்களின் ஆசையும் முடிந்துவிடும்.

இன்னொரு தலைவலி: ஐபோன் படங்கள் என் மடிக்கணினியில் திறக்கவே மறுக்கின்றன. பெயரின் வாலில் ஹெச்.இ.ஐ.சி. என்று ஏதோ ஒட்டிக்கொண்டிருக்கிறது. எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சுருக்கி, ஒரே வகைக்கு மாற்ற வழி உண்டா?

வேலப்பாடி | மே 18, இரவு 9.41

எதற்குச் சுருக்க வேண்டும்? இணையக் கிடங்கு ஒன்றில் மொத்தமாக ஏற்றி, இணைப்பை மட்டும் அனுப்பிவிடுங்கள் ஐயா. காலம் மாறிவிட்டது.

காட்பாடி வாத்தியார் | மே 18, இரவு 9.58

தம்பி, 14 ஜி.பி.யை ஏற்றுவதற்குள் என் மாத இணைப்பே மூச்சுத் திணறிவிடும். அதோடு, பேரணாம்பட்டில் இருக்கும் என் அத்தைக்கு வயது எண்பத்தொன்று. இணைப்பைத் தொட்டால் வரும் பக்கத்தைப் பார்த்துப் பயந்து போனை அணைத்துவிடுவார். அவர் கையில் படமாகவே போய்ச் சேர வேண்டும்.

சத்துவாச்சாரி ஸ்டுடியோ | மே 18, இரவு 10.35

வாத்தியார் ஐயா, பெயிண்டை முதலில் மூடுங்கள். அது ஒரு படத்துக்கான கருவி. ஃபிலிம் ரோல் காலத்திலிருந்து கடை நடத்துகிறேன். ஒரு கல்யாணத்துக்கு மூவாயிரம் படங்கள் வருகின்றன. ஒவ்வொன்றாகச் சுருக்க உட்கார்ந்தால் பெண்ணுக்கு வளைகாப்பு வந்துவிடும்.

விண்டோஸ் என்றால் இர்ஃபான்வியூ போதும். ஆஸ்திரியாவில் வசிக்கும் இர்ஃபான் என்பவர் 1996இல் எழுதி, இன்று வரை சொந்த உபயோகத்துக்கு இலவசமாகவே கொடுக்கும் நிரல். அதற்கான கூடுதல் தொகுப்பையும், அதாவது பிளகின்களையும், சேர்த்து நிறுவிக்கொள்ளுங்கள். திறந்தவுடன் விசைப்பலகையில் பி எழுத்தைத் தட்டினால் மொத்த மாற்றத்துக்கான சாளரம் விரியும். வலப்பக்கம் உங்கள் ஃபோல்டரைக் காட்டி எல்லாப் படங்களையும் கீழே உள்ள பட்டியலில் சேருங்கள். இடப்பக்கம் ஜேபெக் (ஜே.பி.ஜி.) வகையைத் தேர்ந்தெடுத்து, தரம் 80 அல்லது 85 என்று வையுங்கள். அடுத்து ‘அட்வான்ஸ்டு’ பொத்தானுக்குள் நுழைந்து, நீளப் பக்கம் 1600 பிக்சல் என்று கொடுங்கள். அகலம், உயரம் இரண்டையும் நீங்களே நிரப்பினால் அம்மன் ஒரு படத்தில் ஒல்லியாகவும் மறு படத்தில் குண்டாகவும் நிற்பாள். நீளப் பக்கத்தை மட்டும் சொன்னால் மற்றதை அதுவே விகிதப்படி பார்த்துக்கொள்ளும். சிறிய படங்களைப் பெரிதாக்காதே என்று ஒரு கட்டம் இருக்கும், அதில் டிக் போடுங்கள். விளைவுகள் போய் விழ ஒரு புதிய ஃபோல்டரைக் காட்டிவிட்டு, ஓடவிட்டு, மோர் குடித்துவிட்டு வாருங்கள்.

ஏன் 1600? உங்கள் நிக்கான் 24 மெகாபிக்சல் என்று வைத்துக்கொண்டால் ஒரு படம் 6000க்கு 4000. நீளத்தை 1600 ஆக்கினால் அகலம் 1067. பெருக்கிப் பாருங்கள், கணக்கு உங்கள் கைவசம்: பதினான்கில் ஒரு பங்குதான் மிஞ்சுகிறது. ஒன்பது எம்.பி. படம் ஏறக்குறைய 350 கே.பி.யில் அடங்கும். போன் திரையில் யாருக்கும் வித்தியாசம் தெரியாது. 14 ஜி.பி. இருந்த இடத்தில் முக்கால் ஜி.பி.கூட இராது.

ஹெச்.இ.ஐ.சி. என்பது 2017இல் ஐபோன்களில் வழக்கத்துக்கு வந்த வகை. அதே தரத்தை ஜேபெக்கில் பாதி இடத்தில் அடக்கும் என்பதால் அதைக் கொண்டுவந்தார்கள். கெட்ட வகை இல்லை, ஆனால் ஊரில் பாதிக் கணினிகளுக்கு அதோடு பேச்சுவார்த்தை இல்லை. அடுத்த திருவிழாவுக்கு முன் மருமகளின் போனில் கேமரா அமைப்புக்குள் போய், ஃபார்மட்ஸ் என்ற இடத்தில் ‘மோஸ்ட் கம்பாட்டிபிள்’ என்று மாற்றிவிடச் சொல்லுங்கள். அதன்பின் ஜேபெக்காகவே எடுக்கும்.

பாலாற்றுப் பைட் | மே 18, இரவு 11.12

ஸ்டுடியோ அண்ணன் சாளரம் சாளரமாகக் கூட்டிப்போகிறார். கட்டளை தட்டி இயக்கும் இமேஜ்மேஜிக் என்ற நிரலை நிறுவினால் ஒற்றை வரியில் தீர்ந்தது. மோக்ரிஃபை என்ற கட்டளை, ரீசைஸ் 1600க்கு 1600, தரம் 82, கடைசியில் நட்சத்திரக் குறியோடு ஜேபெக். அவ்வளவுதான். ஃபோல்டரில் நூறு படம் இருந்தாலும் பத்தாயிரம் இருந்தாலும் ஒரே வரி. லினக்ஸ், மேக், விண்டோஸ் மூன்றிலும் ஓடும். அகலமும் உயரமும் சேர்த்துச் சொன்னாலும் அது படத்தை இழுத்து நீட்டாது. அந்தப் பெட்டிக்குள் விகிதம் கெடாமல் அடங்கும்படி சுருக்கும்.

அப்படியே ஸ்ட்ரிப் என்ற விருப்பத்தையும் சேர்த்தால் கோப்பில் ஒட்டியிருக்கும் துணைத் தகவல்கள் எல்லாம் போய் இன்னும் இளைக்கும்.

சத்துவாச்சாரி ஸ்டுடியோ | மே 18, இரவு 11.20

தம்பி, மோக்ரிஃபை என்ன செய்யும் என்பதைச் சொல்லாமல் கொடுக்கிறீர்களே! அது அசல் கோப்பின் மேலேயே எழுதிவிடும். எழுபதை நெருங்கும் பெரியவர் கையில் மூடியில்லாத பிளேடைக் கொடுத்தது போல இருக்கிறது.

மக்கன்பேடா | மே 19, காலை 7.05

ஆற்காட்டிலிருந்து எழுதுகிறேன். ஸ்டுடியோ அண்ணன் சொல்வது சத்தியம். இரண்டு ஆண்டுகளுக்கு முன் என் மகளின் முதல் பிறந்தநாள் படங்கள் இருந்த ஃபோல்டரில் நின்றுகொண்டு, இணையத்தில் யாரோ எழுதியிருந்த அதே ஒற்றை வரியை ஓடவிட்டேன். நீளம் 800 என்று வேறு கொடுத்திருந்தேன். முக்கால் நிமிடத்தில் முடிந்தது. "ஆகா, என்ன வேகம்!" என்று மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன். நினைவட்டையை அதற்கு முந்தைய வாரம்தான் அழித்திருந்தேன். இப்போது வீட்டு வரவேற்பறையில் தொங்குகிற படம் அந்த 800 பிக்சல் படம். கிட்டே போனால் குழந்தையின் கன்னம் கட்டம் கட்டமாகத் தெரிகிறது. வருகிறவர்களை இரண்டடி தள்ளி நின்றே பார்க்கச் சொல்கிறாள் மனைவி.

பாலாற்றுப் பைட் | மே 19, காலை 8.30

தவறு என்னுடையது. நள்ளிரவில் எழுதிய பதிவு. பாத் என்ற விருப்பத்தைச் சேர்த்து வேறொரு ஃபோல்டரின் பெயரைக் கொடுத்தால் மோக்ரிஃபை அசலைத் தொடாது. புதியவை அங்கே போய் விழும். அந்த ஃபோல்டரை முதலிலேயே உருவாக்கி வைத்துவிடுங்கள்.

இதோடு இன்னொன்று. பெரிய படங்களை மட்டும் சுருக்கு, சிறியதைத் தொடாதே என்று சொல்ல, அளவுக்குப் பின்னால் ‘பெரிது’ என்ற கணக்குக் குறியை (>) போட வேண்டும். வாத்தியாருக்குத் தெரிந்த குறிதான். ஆனால் கட்டளைச் சாளரத்துக்கு அதே குறிக்கு வேறு பொருள் உண்டு: வருவதை அடுத்துள்ள பெயரில் கோப்பாகக் கொட்டு என்பது. மேற்கோள் குறிக்குள் அடைக்காமல் விட்டால், ஒரு படத்தைச் சுருக்கி வேறு பெயரில் எழுதச் சொன்ன இடத்தில் 0 பைட்டில் ஒரு வெற்றுக் கோப்பு உட்கார்ந்திருக்கும். நானே அரை நாள் தலையைப் பிய்த்துக்கொண்டிருக்கிறேன்.

விண்டோஸ்காரர்கள் இமேஜ்மேஜிக்கின் பழைய கட்டளையான கன்வர்ட்டைத் தட்ட வேண்டாம். அந்தப் பெயரில் விண்டோஸிலேயே வட்டின் கோப்பு அமைப்பை மாற்றும் நிரல் ஒன்று இருக்கிறது. இமேஜ்மேஜிக்கின் ஏழாம் பதிப்பிலிருந்து மேஜிக் என்றே கட்டளையைத் தொடங்கலாம்.

குடியாத்தம் தறி | மே 19, காலை 11.48

எங்கள் ஊர்த் திருவிழாவைப் பற்றிய பேச்சு என்று உள்ளே வந்தேன், எனக்கும் வேலை இருக்கிறது. கைத்தறி லுங்கி வியாபாரம். வாரம் நாற்பது, ஐம்பது டிசைன்களைப் படமெடுத்து வாங்குகிறவர்களுக்கு அனுப்புகிறேன். சுருக்குவதற்கு ஏதோ ஓர் இலவசச் செயலி. இரண்டு கோளாறுகள்.

முதலாவது, நெருக்கமான பொடிக் கட்டம் போட்ட லுங்கிகளில், துணியில் இல்லவே இல்லாத வளைவு வளைவான அலைகள் படத்தில் தோன்றுகின்றன. மதுரை வியாபாரி ஒருவர் "இது என்ன புதுசாகத் தண்ணீர் டிசைனா?" என்று கேட்டுவிட்டார். இரண்டாவது, எங்கள் சிவப்பு வெளுத்துப் போய்ச் செங்கல் நிறத்தில் தெரிகிறது. கணினியில் அசலைத் திறந்தால் சிவப்பு சிவப்பாகவே இருக்கிறது. சாயம் போகிற துணி என்று பெயர் கெடுகிறது.

சத்துவாச்சாரி ஸ்டுடியோ | மே 19, பகல் 1.15

தறி அண்ணே, முதல் கோளாறு உங்களுக்குப் புரிகிற மாதிரியே சொல்கிறேன். அறுபது இழைக்கு ஓர் இழையாகத் துணியை மறுபடி நெய்யச் சொன்னால் என்ன செய்வீர்கள்? சோம்பேறி நெசவாளன் அறுபதாவது இழையை மட்டும் உருவி எடுத்து வைப்பான். அந்த இழை எந்த நிறமோ அதுதான் அந்த இடத்தின் நிறம். கட்டம் ஓர் ஒழுங்கில் வர, உருவுகிற கணக்கு இன்னோர் ஒழுங்கில் வர, இரண்டும் சண்டை போட்டுப் புது அலை பிறக்கிறது. நல்ல நெசவாளன் அறுபது இழைகளையும் பார்த்து, கலந்து, ஒரு நிறத்துக்கு வருவான். சுருக்கும் நிரலிலும் அப்படித்தான். மறுமாதிரி எடுக்கும் முறை என்ற இடத்தில் ‘நியரஸ்ட்’ என்று இருந்தால் அது சோம்பேறி. லான்சோஸ் அல்லது பைகியூபிக் என்று மாற்றுங்கள். இர்ஃபான்வியூவில் ‘ரீசாம்பிள்’ என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும்; அதன் பக்கத்திலேயே இருக்கும் ‘ரீசைஸ்’ வேகமானது, ஆனால் அவசரக்காரன். சுருக்கிய பின் சற்றே கூர்மை கூட்டுங்கள், துணியின் முறுக்கு தெரியும். அசலிலேயே அலை இருந்தால் மட்டும் சுருக்கித் தீராது. கேமராவை அரையடி முன்னே பின்னே நகர்த்தி மறுபடி எடுங்கள்.

இரண்டாவது கோளாறுக்கு ஒரு கேள்வி. உங்கள் கேமரா நிக்கானா? கோப்பின் பெயர் டி.எஸ்.சி. என்று தொடங்குகிறதா, அதற்கு முன்னாலேயே அடிக்கோடு இருக்கிறதா?

குடியாத்தம் தறி | மே 19, பகல் 1.32

நிக்கான்தான். முதலில் அடிக்கோடு, பிறகு டி.எஸ்.சி. பெயரை வைத்து எப்படி ஜோசியம் சொல்கிறீர்கள்?

சத்துவாச்சாரி ஸ்டுடியோ | மே 19, பகல் 1.50

ஜோசியம் இல்லை அண்ணே, அது கேமராவே வைக்கும் அடையாளம். அடிக்கோடு முன்னால் வந்தால் படம் அடோபி ஆர்.ஜி.பி. என்ற நிறவெளியில் பதிவாகியிருக்கிறது என்று பொருள். அச்சுக்குப் போகிறவர்களுக்கானது. உலாவியும் போனும் எதிர்பார்ப்பது எஸ்.ஆர்.ஜி.பி. கோப்புக்குள் "என் நிறங்களை இந்த அளவுகோலில் படி" என்று ஒரு சீட்டு இருக்கும். உங்கள் இலவசச் செயலி அந்தச் சீட்டைக் கிழித்துவிட்டு எண்களை மட்டும் அப்படியே வைத்திருக்கிறது. முழக்கோலால் அளந்ததைக் கெஜக்கோல் என்று படித்தால் வருகிற குழப்பம்தான் உங்கள் செங்கல் சிவப்பு.

கேமராவின் படப்பிடிப்புப் பட்டியலில் கலர் ஸ்பேஸ் என்பதை எஸ்.ஆர்.ஜி.பி.க்கு மாற்றிவிடுங்கள். எடுத்து முடித்தவற்றை எஸ்.ஆர்.ஜி.பி.க்கு மாற்றிய பிறகே சுருக்குங்கள். பைட் தம்பி, உங்கள் ஸ்ட்ரிப் விருப்பமும் இந்தச் சீட்டைச் சேர்த்துத்தான் கிழிக்கிறது. அதையும் எழுதியிருக்கலாம்.

தோட்டப்பாளையம் பிரவுசிங் | மே 19, மாலை 4.22

நீங்கள் எல்லாம் 1600, 1067 என்று பேசுகிறீர்கள். எங்கள் கடைக்கு வருகிற பிள்ளைகளின் கவலை வேறு. வங்கித் தேர்வு விண்ணப்பத்தில் புகைப்படம் 200க்கு 230 பிக்சல், 20 கே.பி.க்கு மேல் 50 கே.பி.க்குள். கையெழுத்து 140க்கு 60, 10 முதல் 20 கே.பி. பிக்சல் அளவு சரியாக இருந்தும் புகைப்படம் 18 கே.பி. என்றால் அதையும் திருப்பி அனுப்பும். இளைத்தாலும் குற்றம், பெருத்தாலும் குற்றம். கடைசி நாளில் இருபது பேர் வரிசையில் நிற்கிறார்கள். தர எண்ணை ஏற்றி இறக்கி ஒவ்வொருவருக்கும் ஐந்தாறு முறை சேமித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

இன்னும் ஒரு கொடுமை: "72 டி.பி.ஐ.க்கு மாற்றினால் சின்னதாகிவிடுமாமே?" என்று பாதிப் பேர் கேட்கிறார்கள்.

பாலாற்றுப் பைட் | மே 19, மாலை 5.10

டி.பி.ஐ. என்பது அச்சடிக்கும்போது ஒரு அங்குலத்தில் எத்தனை புள்ளி என்று கோப்பில் எழுதி வைத்த குறிப்பு மட்டுமே. 300ஐ 72 ஆக்கினாலும் பிக்சலில் ஒன்றுகூடக் குறையாது, கோப்பும் இளைக்காது.

இமேஜ்மேஜிக்கில் தர எண்ணுக்குப் பதிலாக, ஜேபெக் எக்ஸ்டென்ட் என்று ஒரு வரையறை கொடுத்து 45 கே.பி. என்று உச்சவரம்பு வைக்கலாம். அதற்குள் அடங்குகிற தரத்தை அதுவே தேடிப் பிடிக்கும். தர எண்ணும் சதவீதம் அல்ல. ஒரு நிரலின் 80 மற்றொரு நிரலின் 80 ஆக இருக்க வேண்டியதில்லை. சேமித்த ஜேபெக்கையே மறுபடி மறுபடி திறந்து சேமிக்காதீர்கள். 8க்கு 8 பிக்சல் கட்டங்களாக வெட்டி நுணுக்கங்களைக் கழிக்கிற முறை அது. ஒவ்வொரு சேமிப்பிலும் கொஞ்சம் கழியும். ஒவ்வொரு முறையும் அசலிலிருந்தே தொடங்குங்கள். கையெழுத்தை ஸ்கேன் செய்யும்போது முதலில் எதையும் கழிக்காத பி.என்.ஜி. வகையாக வைத்துக்கொண்டால் எழுத்தோரங்களில் அழுக்குத் திட்டுகள் வராது.

வள்ளிமலை வழிப்போக்கர் | மே 19, இரவு 8.47

எல்லோரும் சுருக்குவதிலேயே குறியாக இருப்பதால் ஒரு மறுப்பு. விடுமுறை நாட்களில் கல்வெட்டுப் படம் எடுத்துப் படிக்கத் தெரிந்தவர்களுக்கு அனுப்புகிறேன். வள்ளிமலைச் சமணப் பாறையில் கங்க மன்னன் ராஜமல்லன் பெயர் வருகிற எழுத்துகளை, நீளம் 1600க்குச் சுருக்கி ஒரு பெரியவருக்கு அனுப்பினேன். "பாறையை அனுப்பியிருக்கிறீர்கள், எழுத்தை எப்போது அனுப்புவீர்கள்?" என்று பதில் வந்தது. பழைய கல்வெட்டுகளில் பல இடங்களில் மெய்யெழுத்துக்குப் புள்ளியே இருக்காது. ஒரு சுழி உண்டா இல்லையா என்பதில் பெயரே மாறும். பாறையின் சொரசொரப்பையும் உளி பட்ட கோட்டையும் பிரித்துக் காட்டுவது அந்தப் பொடி நுணுக்கம்தான். ஜேபெக் முதலில் கழிப்பதும் அதைத்தான்.

அத்தைக்கு அனுப்பும் படத்துக்கு 1600 போதும், ஒப்புக்கொள்கிறேன். படிப்பவருக்கு அனுப்புகிறபோது நான் சுருக்குவதில்லை. வாட்ஸ்அப்பிலும் படமாக அனுப்பாமல் ஆவணமாக இணைத்து அனுப்புகிறேன். படமாக அனுப்பினால் அது தன் பங்குக்கு மறுபடி சுருக்கும்.

காட்பாடி வாத்தியார் | மே 20, காலை 10.15

இர்ஃபான்வியூ நேற்றிரவு ஓடியது. நாற்பது நிமிடம்கூட ஆகவில்லை. ஸ்டுடியோ தம்பிக்குக் கோடி நன்றி என்று எழுத உட்கார்ந்தேன். பழக்க தோஷம், விடைத்தாள் கட்டை எண்ணுவது போல் எண்ணிப் பார்த்தேன். புதிய ஃபோல்டரில் 1,628 படங்கள் மட்டுமே. 212 காணவில்லை!

பிழைச் செய்தி எதுவும் வரவில்லை. ஐபோன் படங்கள் 324 சரியாக இருக்கின்றன. குறைவது நிக்கானில்தான். கௌண்டன்ய ஆற்றங்கரையில் தேங்காய் உடைத்த காட்சிகளை நான் எடுத்திருந்தேன். அவை இருக்க வேண்டிய இடத்தில் தங்கை மகன் எடுத்த ராட்டினமும் பஞ்சுமிட்டாயும் இருக்கின்றன. எனக்கு ஒன்றும் புரியவில்லை.

பாலாற்றுப் பைட் | மே 20, காலை 10.40

பதறாதீர்கள் ஐயா, அசல் பத்திரமாக இருக்கிறதல்லவா? இரண்டு நிக்கான்களும் தங்கள் படங்களுக்கு டி.எஸ்.சி., பின் நான்கு இலக்கம் என்றே பெயர் வைக்கின்றன. அந்த நான்கு இலக்கம் 9999 வரை போய் மறுபடி 0001க்கு வந்துவிடும். இரண்டு கேமராக்களின் எண் வரிசையும் ஓரிடத்தில் ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருக்கிறது. இரண்டு ஃபோல்டரிலும் டி.எஸ்.சி. 0417 என்று ஒரே பெயரில் படங்கள் இருக்கும். ஒரே இடத்தில் கொட்டியபோது, மேலெழுது என்ற கட்டத்தில் டிக் இருந்ததால், பின்னால் வந்தது முன்னால் வந்ததை அமுக்கிவிட்டது. 212 பெயர்கள் மோதியிருக்கின்றன.

மூன்று கேமராவுக்கும் மூன்று தனி ஃபோல்டர் வைத்துத் தனித்தனியாக ஓட்டுங்கள். அல்லது முதலிலேயே பெயர்களுக்கு முன்னால் ‘மாமா’, ‘மருமகன்’ என்று ஒட்டிவிடுங்கள்.

பாகாயம் | மே 20, பகல் 12.05

அனுப்புவதற்கு முன் ஒரு விஷயம். ஐபோன் படங்களுக்குள் எடுத்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை பதிந்திருக்கும். திருவிழா இடம் தெரிந்தால் பரவாயில்லை. ஆனால் அதே தொகுப்பில் வீட்டு வாசலில் எடுத்த படங்களும் இருக்கும். என் உறவுக்காரப் பெண் வளையல் விற்க ஓர் இணையதளத்தில் படம் ஏற்றினாள். அந்தத் தளம் தகவலை நீக்கவில்லை. முன்பின் தெரியாத ஒருவர் வரைபடத்தில் அவள் வீட்டுக் கூரையைப் பார்த்துவிட்டு, "மாடியில் துணி காய்கிறதே" என்று செய்தி அனுப்பியிருந்தார். அன்று முழுக்க அவள் கதவைத் திறக்கவில்லை. வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் இந்தத் தகவல் உதிர்ந்துவிடும். ஆவணமாக அனுப்பினால் அப்படியே போகும்.

காட்பாடி வாத்தியார் | மே 21, காலை 9.30

பாகாயம் அம்மாவோ ஐயாவோ, நீங்கள் சொன்னதைப் படித்து எனக்கு வியர்த்துவிட்டது. நேற்று பேரன் வந்திருந்தான். பைட் தம்பியின் கட்டளையை அவனே தட்டிக் கொடுத்தான், மூன்று ஃபோல்டராக, வேறு இடத்துக்கு, ஸ்ட்ரிப் சேர்த்து. எண்ணிப் பார்த்தேன்: 912, 604, 324. கூட்டினால் 1,840. மகிழ்ச்சியோடு முதல் ஐம்பதைக் குடும்பக் குழுவில் போட்டேன்.

பத்து நிமிடத்தில் பேரணாம்பட்டு அத்தையிடமிருந்து போன். "ஏண்டா, அம்மனைப் படுக்கப் போட்டிருக்கிறாயே, தெய்வக் குத்தம் ஆகாதா?" என்றார். ஓடிப்போய்ப் பார்த்தால், கேமராவை நிமிர்த்திப் பிடித்து எடுத்த நிக்கான் படங்கள் அத்தனையிலும் சிரசு ஒருக்களித்துச் சாய்ந்திருக்கிறது. தூக்கி வருகிறவர்கள் சுவரில் நடக்கிறார்கள். ஐபோன் படங்கள் மட்டும் நேராக இருக்கின்றன. துபாயிலிருந்து மைத்துனர் கழுத்தைச் சாய்த்துத் தன் படத்தை எடுத்து அனுப்பியிருக்கிறார், "இப்போது சரியாகத் தெரிகிறது" என்று. மானம் போகிறது.

சத்துவாச்சாரி ஸ்டுடியோ | மே 21, காலை 10.02

சிரித்ததற்கு மன்னியுங்கள் ஐயா. கேமராவுக்குள் இருக்கும் உணரிக்கு நிமிரத் தெரியாது. நீங்கள் எப்படிப் பிடித்தாலும் அது படுக்கை வாட்டத்திலேயே பதிவு செய்துவிட்டு, "காட்டும்போது திருப்பிக் காட்டு" என்று கோப்போடு ஒட்டியிருக்கும் எக்ஸிஃப் என்ற துணைத் தகவலில் ஓர் எண்ணை எழுதிவைக்கும். 1 என்றால் அப்படியே காட்டு, 6 என்றால் வலப்பக்கமாகக் கால் சுற்று திருப்பு. ஸ்ட்ரிப் அந்தக் குறிப்பை அழித்துவிட்டது. படம் படுத்தே கிடக்கிறது. படத்தை நிஜமாகவே திருப்பிவிட்டு, அதன்பின் தகவலை நீக்கியிருக்க வேண்டும்.

இன்னொன்று. நிக்கான்களில் இடத் தகவல் இருக்கிறதா என்று பார்த்தீர்களா? பெரும்பாலும் இருக்காது. 324 ஐபோன் படங்களுக்கு மட்டும் செய்ய வேண்டியதை 1,840க்கும் செய்திருக்கிறீர்கள். மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்திய கதை. எடுத்த தேதியும் நேரமும்கூடச் சேர்ந்து போயிருக்கும். அரசனில்லாத கோட்டை, தண்ணீரில்லாத ஆறு என்று ஏற்கெனவே நம் வேலூரைக் கேலி செய்கிறார்கள். தேதியில்லாத படத்தையும் அதில் சேர்க்க வேண்டாம்.

பாலாற்றுப் பைட் | மே 21, காலை 10.25

மறுபடியும் என் குற்றம்தான். ஸ்ட்ரிப்புக்கு முன்னால் ஆட்டோ-ஓரியன்ட் என்ற விருப்பம் வர வேண்டும். இடத் தகவலை மட்டும் தனியாக நீக்க எக்ஸிஃப்டூல் என்ற நிரல் இருக்கிறது. தேதி, நேரம் எல்லாம் அப்படியே இருக்கும். தங்கை மகனின் கேமராவில் கடிகாரம் சில நிமிடங்கள் முன்பின்னாக இருந்தால், அவர் படங்கள் அத்தனையின் நேரத்தையும் அதே நிரலால் ஒரே அடியாக நகர்த்தலாம். அப்போது இரண்டு கேமராப் படங்களும் ஊர்வலம் போன வரிசையிலேயே அடுக்கி நிற்கும்.

காட்பாடி வாத்தியார் | மே 23, இரவு 8.10

முடிந்தது. நிக்கான்களுக்குத் திருப்புதல் மட்டும், ஐபோனுக்குத் திருப்புதலும் இடம் நீக்குதலும். எண்ணிக்கை 1,840. மொத்தம் 640 எம்.பி. தங்கை மகனின் கடிகாரம் பதினொரு நிமிடம் பின்னால் ஓடியிருக்கிறது. அதையும் பேரன் சரிசெய்தான். இப்போது ஃபோல்டரைத் திறந்து அம்புக்குறியைத் தட்டிக்கொண்டே போனால், தரணம்பேட்டையிலிருந்து கோபாலபுரம் வரை நானே மறுபடி நடந்து போவது போல இருக்கிறது. நான் எடுத்த தேங்காயும் இருக்கிறது, அவன் எடுத்த பஞ்சுமிட்டாயும் இருக்கிறது.

அத்தை இரண்டு நாளாக அவற்றைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறாராம். இன்று போன் செய்து, ஒரு படத்தைச் சட்டம் போட்டுப் பூஜை அறையில் மாட்ட வேண்டும், 12க்கு 18 அங்குலத்தில் வேண்டும் என்கிறார். அவர் கேட்பது என் டி.எஸ்.சி. 0417, மாலைகளுக்கு நடுவில் அம்மனின் முகம் மட்டும். ஸ்டுடியோ தம்பி, அந்த 1600 படத்தை உங்களுக்கு அனுப்பினால் போட்டுக் கொடுப்பீர்களா?

சத்துவாச்சாரி ஸ்டுடியோ | மே 23, இரவு 8.31

1600ஐப் பதினெட்டு அங்குலத்துக்கு இழுத்தால் அங்குலத்துக்கு 89 புள்ளிதான் தேறும். மக்கன்பேடா வீட்டுச் சுவரில் இருப்பது போல ஆகிவிடும். அசல் 6000 இருக்கிறதே, அங்குலத்துக்கு 333 வரும். அதை பென் டிரைவில் போட்டுக் கொண்டு வாருங்கள். வாட்ஸ்அப் வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை மதியம் வரை கடை திறந்திருக்கும். உங்கள் 0417ஆ, தங்கை மகனின் 0417ஆ என்று மட்டும் ஒரு முறை திறந்து பார்த்துவிட்டு வாருங்கள் ஐயா. பூஜை அறையில் ராட்டினம் வேண்டாம்.